இலவ மரத்தை வெட்டிய சங்கம்

ஹில்டா ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் முப்பத்தோரு வருடம் உதவியாளராக இருந்தவர். ஓய்வுபெற்று ஊரப்பாக்கத்தில் ஒரு அப்பார்ட்மென்டுக்குக் குடிவந்தார். அங்கே அவருக்குப் பிடித்தது பின்பக்கம் நின்ற இலவ மரம் ஒன்றுதான். தை பிறந்தால் இலையெல்லாம் கொட்டிப் பூக்கும். பொழுது சாய்ந்ததும் வௌவால்கள் தேன் குடிக்க வரும்.

குடியிருப்போர் சங்கத் தலைவர் அப்பாதுரைக்கு அறிவு முழுக்க வாட்ஸ்அப்பில் வந்தது. அதைத் தினமும் காலையில் நாற்பத்தெட்டு வீடுகளுக்கும் அனுப்பிவைப்பதை அவர் சமூக சேவை என்று நினைத்தார். தூங்குகிறவர்களின் ரத்தத்தை வௌவால் உறிஞ்சும் என்று ஒருநாள் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மரத்தை வெட்டக் கூட்டம் போட்டுவிட்டார்.

"சார், ரத்தம் குடிக்கிற வௌவால் நம்ம நாட்லயே கிடையாது. இது பூவுல தேன் குடிக்க வருது. அந்த மரம் காய்க்கிறதே இதாலதான்" என்றார் ஹில்டா. தான் எடுத்த வீடியோவையும் காட்டினார். பூவுக்குள் முகத்தை விட்டு நக்கிய வௌவால், மூக்கெல்லாம் மஞ்சள் மகரந்தம் அப்பிக்கொண்டு நிமிர்ந்தது.

"மேடம், நீங்க லேப்ல பாட்டில் கழுவுனவங்க. சயின்டிஸ்ட் மாதிரி பேசாதீங்க" என்றார் அப்பாதுரை.

எல்லோரும் சிரித்தார்கள். பொறியாளர்கள், ஆடிட்டர், இரண்டு டாக்டர்கள், எல்லோரும்தான். எதிர்த்து உயர்ந்த கை ஒன்றே ஒன்று. மறுநாள் பூவோடு மரம் சாய்ந்தது. ஹில்டா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

மரம் போனதும் வௌவால்கள் அப்பாதுரையின் சமையலறை ஜன்னலோரம் அவரே வளர்த்த வாழைக்கு வந்தன. வாழைப்பூவிலும் தேன் உண்டல்லவா? அவர் வலை கட்டினார். ஒரு சாயங்காலம் வௌவால் ஒன்று அதில் சிக்கிக் கத்தியது. அதைவிட உரக்கக் கத்தியவர் அப்பாதுரை. செக்யூரிட்டி அதன் பக்கத்திலேயே போகவில்லை. கடைசியில் ஹில்டாவுக்கு போன் வந்தது.

தடித்த கையுறை போட்டுக்கொண்டு, கத்தரியும் பழைய துண்டுமாக அவர் இறங்கி வந்தார்.

"கடிச்சிருமா, மேடம்?" கதவுக்குப் பின்னாலிருந்து தலைவரின் குரல்.

"அது உங்கள விட பயந்து போயிருக்கு. பேசாம இருங்க சார்."

இழை இழையாக வலையை நறுக்கினார். இறக்கையில் கிழிசல் இல்லை என்று பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. துண்டை விரித்துத் தூக்கிப் பிடித்ததும் அது பறந்துவிட்டது. கதவு அதற்குப் பிறகும் திறக்கவில்லை.

மறுநாள் காலை வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: "தலைவரின் துரித நடவடிக்கையால் வௌவால் உயிருடன் மீட்பு." கூடவே அப்பாதுரையின் படம். கீழே நாற்பது கைதட்டல்கள்.

ஹில்டா குழுவிலிருந்து வெளியேறிவிட்டு, டீ போடப் போனார்.