ஓ பாசிட்டிவ் யாரும் இல்லை

இரண்டு வருடங்களுக்கு முன் ஓசூரில் நடந்தது இது. வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு நான் வலைப்பக்கங்கள் எழுதிக் கொடுத்து வந்தேன். ரத்த தானம் செய்ய விரும்பும் தொழிலாளர்கள் பெயர், போன் நம்பர், ரத்த வகையைப் பதிவு செய்ய ஒரு பக்கம் கேட்டார்கள். அவசரத்துக்கு ரத்த வகையைக் கொடுத்துத் தேடினால் பட்டியல் வர வேண்டும். சின்ன வேலைதானே என்று இரண்டே நாளில் முடித்து, அடியில் என் நம்பரையும் போட்டுவிட்டேன்.

அடுத்த வாரம், மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேசியவர் அந்தத் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுபவர். கூட வேலை செய்பவரின் மனைவிக்குப் பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய்விட்டதாம். ஆஸ்பத்திரி வாசலில் நின்று பேசினார்.

"மேடம், ஓ பாசிட்டிவ் போட்டா யாரும் இல்லைன்னு வருதுங்க."

"பேர் குடுத்தவங்க இல்லைன்னா அப்படித்தாங்க காட்டும்," என்றேன். சாப்பாட்டு நேரத்தில் தொந்தரவு என்கிற எரிச்சல் குரலில் இருந்திருக்கும்.

அவர் போனை வைக்கவில்லை. "நானே ஓ பாசிட்டிவ்தாங்க மேடம். போன வாரமே பேர் குடுத்தேன். என் பேரும் வரலையே. நான் ஒரு யூனிட் குடுத்துட்டேன், இன்னும் ரெண்டு வேணுங்கறாங்க. பிளட் பேங்க்லயும் தீந்துபோச்சாம்."

கையைக்கூடக் கழுவாமல் லேப்டாப்பைத் திறந்து, பதிவானதை நேரடியாகப் பார்த்தேன். ஓ பாசிட்டிவ்காரர்கள் வரிசையாக இருந்தார்கள். என் பக்கம்தான் அவர்களை மறைத்து வைத்திருந்தது.

காரணம் தேட நேரமில்லை. ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டேன். ஷிஃப்டில் இருப்பவர்களின் போன் லாக்கரில் கிடக்கும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஏழாவதாக எடுத்தவர் கன்னடக்காரர். "ஹத்து நிமிஷ மேடம், பர்த்தீனி," என்று சொல்லிப் பத்து நிமிடத்தில் வருவதாகக் கிளம்பிவிட்டார். இன்னொருவர் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர். "மூஞ்சி கழுவிட்டு வந்துடறேங்க" என்றார்.

அதன் பிறகு நான் செய்வதற்கு ஒன்றுமில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்கு மேல் அந்த மெஷின் ஓட்டுபவரே கூப்பிட்டார். "ரத்தம் ஏத்திக்கிட்டு இருக்காங்க மேடம். கண்ணு முழிச்சுப் பேசுறாங்க. பயமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பொண்ணு பொறந்திருக்கு." சோறு காய்ந்துபோன கையோடு உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். மனசு லேசானது.

பிறகுதான் தவறைக் கண்டுபிடித்தேன். ஓ பாசிட்டிவை O+ என்று கூட்டல் குறி போட்டுத்தான் என் பக்கம் தேடியது. இணைய முகவரிக்குள் அந்தக் குறியை அப்படியே அனுப்பினால் அது வெற்றிடமாக மாறிவிடும். அதனால் எந்த பாசிட்டிவ் வகையைத் தேடினாலும் யாரும் கிடைக்க மாட்டார்கள். கழித்தல் குறிக்கு அந்தச் சிக்கல் இல்லை. என் ரத்தம் பி நெகட்டிவ். சோதித்தபோதெல்லாம் என் பெயரையே பதிந்து என்னையே தேடியிருக்கிறேன்; ஒவ்வொரு முறையும் சரியாக வந்திருக்கிறது.

அன்றே திருத்தினேன். தேடல் பழுதானால் "யாரும் இல்லை" என்று சொல்லாமல், "தேட முடியவில்லை, போன் செய்யுங்கள்" என்று சொல்லும்படியும் மாற்றினேன். இப்போது எட்டு ரத்த வகையையும் போட்டுப் பார்க்காமல் அந்தப் பக்கத்தில் எந்த மாற்றத்தையும் வெளியே விடுவதில்லை. ஆனாலும், நான் அலட்சியமாகப் பதில் சொன்ன பிறகும் அந்த மனிதர் போனை வைக்காமல் இன்னொரு வார்த்தை பேசினாரே, அதற்குத்தான் இன்றைக்கும் மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.