வலது குழலில் மூட்டம்

கொல்கத்தாவின் கரியாஹாட் கடைவீதியில், கேமராக் கடைக்காரர் அடுத்த பைனாகுலரைக் கண்ணாடி மேசைமேல் வைத்தபோது, அவருடைய சிரிப்பு பாதியாகச் சுருங்கியிருந்தது. பிரிட்டோ அதைக் கவனிக்காமல் இல்லை. ஆனால் என்ன செய்ய? இதுவரை காட்டிய எல்லாவற்றிலும் வலது குழல் மூட்டம். ஒரே கடையில் அத்தனை சரக்கும் வலதுபக்கமே பார்த்துக் கெட்டுப்போகுமா என்று எவரும் கேட்கலாம். அந்தக் கேள்வியைத்தான் மனுஷர் காலையிலிருந்து கிட்டவே அண்ட விடாமல் துரத்திக்கொண்டிருந்தார்.

பிரிட்டோ சரக்கு ரயில் ஓட்டுகிறவர். சொந்த ஊர் திருச்சி. குடியிருப்பு கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸ். ஒரே மகள் மேக்னா பிறந்தது இங்கேதான், பேர் வைத்ததே பக்கத்து வீட்டு வங்காளிப் பெரியம்மா. அந்தப் பெண்ணுக்குக் கல்லூரியில் சேர்ந்த கையோடு பறவைப் பைத்தியம் பிடித்தது. லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமையெல்லாம் அப்பாவையும் ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போவாள். "எத்தனை நாளைக்கு இரவல்ல பாக்குறது? சொந்தமா ஒண்ணு வாங்கிடுவோம்" என்று சொன்னவர் பிரிட்டோதான். அன்றைக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

எஞ்சினில் ஒரு முறை உண்டு. சிக்னல் கண்ணில் பட்டதும் ஓட்டுநர் கையை நீட்டி நிறத்தை உரக்கச் சொல்வார். உதவி ஓட்டுநர் தன் கண்ணாலும் பார்த்துவிட்டுத்தான் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு ஜோடிக் கண் ஏமாந்தாலும் இன்னொன்று காப்பாற்றட்டும் என்பதற்காக. அந்தப் பழக்கம் பிரிட்டோவின் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. மேக்னா சின்னப் பிள்ளையாக அவர் தோளில் உட்கார்ந்து சாலை கடக்கும் காலத்திலேயே, "பச்சை!" என்று இவர் சொன்னால், "பச்சை!" என்று அவள் காதுக்குள் கத்துவாள். ஏரிக்கரையிலும் அதே கூத்துதான். "மீன்கொத்தி!" "மீன்கொத்தி!" முதலில் சொல்கிறவர் எப்போதும் பிரிட்டோ.

துர்கா பூஜை கழிந்த பிறகு அது மாறிப்போனது. மேக்னா சொல்கிறாள், இவர் பின்பாட்டுப் பாடுகிறார்.

அடுத்த மாதம் மருத்துவப் பரிசோதனை. கண்ணில் கோளாறு என்று எழுதிவிட்டால், வண்டியை விட்டு இறக்கி ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார வைத்துவிடுவார்கள். எஞ்சின் தவிர வேறு எந்த எழவும் தெரியாத மனுஷர் மேசையில் என்னத்தைக் கிழிப்பது?

"அண்ணா, இந்த வளையத்தைத் திருப்பிப் பாருங்க" என்றார் கடைக்காரர் இந்தியில். வலது குழலின் விளிம்பில், இரண்டு கண்ணும் ஒன்று போல் இல்லாதவர்களுக்காகவே ஒரு சின்ன வளையம். பிரிட்டோ கடை வாசலில் நின்று அதை இந்தக் கோடிக்குத் திருகினார், அந்தக் கோடிக்குத் திருகினார். எதிர்க் கட்டடம் பால் ஊற்றிய கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது போலவே இருந்தது.

"சுத்த டூப்ளிகேட்" என்றார் தமிழில். "வா, வேற கடை பாப்போம்."

மேக்னா அதை அவர் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். மேசையில் கிடந்த மற்றவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து, இடது பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு பார்த்தாள். ஐயோ, வாயாடிப் பெண் வாயை மூடிக்கொண்டால் அதைவிடப் பயம் வேறென்ன இருக்கிறது?

"என்னடி, தெரியுதா?"

"அப்பா, எதிர் மாடில தண்ணி டேங்க் மேல ஒண்ணு உக்காந்திருக்கு. பாருங்க."

"நீ சொல்லேன்."

"இல்லப்பா. இன்னைக்கு நீங்க முதல்ல சொல்லுங்க." சொல்லிக்கொண்டே பைனாகுலரை அவர் கண்ணில் வைத்து, இடது குழலைத் தன் உள்ளங்கையால் மூடினாள்.

வெள்ளையாக ஒரு மூட்டம். அதற்குள் கறுப்பாக ஏதோ ஒன்று. மாதாவே, மாதாவே என்று உள்ளே ஜபம் ஓடியது. டேங்க் மேல் என்ன உட்காரும், காக்காதானே உட்காரும்?

"காக்கா" என்றார்.

மேக்னா திருப்பிச் சொல்லவில்லை.

தெருவில் பஸ் ஹாரன், நடைபாதைக் கடைக்காரர்களின் கூவல், எல்லாம் இருந்தது. அவள் குரல் மட்டும் வரவில்லை. பிரிட்டோ காத்து நின்றார். கண்ணால் பார்க்காததைத் திருப்பிச் சொல்லக் கூடாது என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான்.

"பருந்துப்பா" என்றாள் கடைசியில். அவள் குரல் கம்மியது. "ரெக்கையைக் கோதிக்கிட்டிருக்கு. நல்லாத் தெரியுது. எல்லாத்துலயும் நல்லாத் தெரியுது." பிறகு, "வண்டில எப்படிப்பா பாக்குறீங்க?" என்றாள்.

வண்டியில் விவேக் இருக்கிறான், அவருடைய உதவி ஓட்டுநர், நல்ல பையன். வலது கண்ணின் மூட்டம் இடது கண்ணின் பார்வையையும் குழப்பிவிடுவதால், இப்போதெல்லாம் சிக்னல் நெருங்கும்போது பிரிட்டோ தண்ணீர் குடிப்பார், செருமுவார், ஹாரனை அழுத்துவார். "பச்சை" என்று விவேக் முந்திக்கொள்வான். "பச்சை" என்று இவர் பின்னால் சொல்வார். இரண்டு ஜோடிக் கண் இருக்க வேண்டிய எஞ்சினில் ஒரு ஜோடிதான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது. அவன் ஒரு நாள் தவறாகச் சொல்லியிருந்தால் தானும் அதையே சொல்லியிருப்போம் என்பது பிரிட்டோவுக்கு இப்போதுதான் உறைத்தது.

அவர் கைபேசியை எடுத்தார். ஓட்டுநர்களுக்கு வண்டி பிரித்துக் கொடுக்கும் அலுவலகத்தில் இருக்கும் தமிழ்க்காரரை அழைத்தார்.

"பிரிட்டோ பேசுறேன். நாளைக்கு என்னை ஏத்தாதீங்க. கண் டாக்டர்கிட்ட அனுப்புங்க." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "இல்ல, பரிசோதனை வரைக்கும் தாங்காது. வலது கண்ணு தெரியல" என்றார். மேக்னா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைக்காரருக்குத் தமிழும் புரியவில்லை, இந்த அப்பனும் மகளும் ஏன் அழுகிறார்கள் என்பதும் புரியவில்லை. பாவம், பைனாகுலர்களை ஒவ்வொன்றாக உறைக்குள் போட ஆரம்பித்தார்.

"இருங்க" என்றார் பிரிட்டோ இந்தியில். "முதல்ல காட்டினீங்களே, அதையே குடுங்க." பிறகு மகளைப் பார்த்து, "அது நல்லதுதான்" என்றார்.

"நல்லதுதான்" என்று மேக்னா திருப்பிச் சொன்னாள்.