ஊர் சுற்றி வந்த தண்ணீர் பாட்டில்

அந்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் கொடுத்துவைத்தது. தினமும் காலை ஏழு மணிக்கு நாற்பது மீட்டர் உயரத்துக்குப் போகும். நாள் முழுக்க மேகத்தை வேடிக்கை பார்க்கும். சாயங்காலம் ஒரு சொட்டுக் குறையாமல் வீடு திரும்பும். சமையலறை மேடையில் அதை எடுத்து வைக்கும்போதெல்லாம் கணவன் கேட்பான்: "ஊர் சுத்திக் காட்டவா இதைக் கூட்டிட்டுப் போற?"

அவள் சிரித்து மழுப்புவாள். விஷயம் சிரிக்கிற விஷயமில்லை.

அவள் டவர் கிரேன் ஓட்டுகிறவள். கட்டடம் கட்டும் இடங்களில் வானத்தில் கை நீட்டி நிற்குமே, அந்த ராட்சத யந்திரத்தின் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கும். அதுதான் அவள் ஆபீஸ். முன்பு ஐந்து வருஷம் ஒரு தொழிற்சாலையில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். அவளை ஜன்னலோரம் உட்காரவைத்தது அங்கிருந்த சூப்பர்வைசர் செய்த தப்பு. ஜன்னலுக்கு வெளியே ஒரு கிரேன். அது இரும்புக் கட்டுகளைத் தூக்கிப் போவதை வாய் பிளந்து பார்த்ததில், ஒரே வாரத்தில் நாற்பது காலர் கோணிப்போயின. திட்டு வாங்கிய கையோடு பயிற்சி நிலையத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அங்கே பதினோரு ஆண்கள், இவள் ஒருத்தி. கடைசிப் பரீட்சைக்கு விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய வாளியைக் கொக்கியில் மாட்டி, மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி இறக்கச் சொன்னார்கள். மற்றவர்களின் வாளி பாதியாகத்தான் வந்தது; ஒருத்தன் வாத்தியாரையே குளிப்பாட்டினான். இவள் இறக்கிய வாளிக்குப் பக்கத்தில் தரை காய்ந்திருந்தது. அன்று அவள் சந்தோஷத்தில் போட்ட ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே சைட் மேனேஜர் கேட்டார்: "மேல போய் மயக்கம் போட்டேன்னா யாரும்மா உன்னைக் கீழ எறக்கறது?" மயக்கமெல்லாம் வரவில்லை. வந்தது வேறு அவசரம். மேலே ஏறினால் ஆண் ஆபரேட்டர்களுக்கு ஒரு காலி பாட்டில் போதும். இவள் நூற்று அறுபத்தெட்டுப் படி இறங்கி, சாலையைத் தாண்டி, எதிர்க்கடைக்காரர் மனசு வைத்தால் போய்விட்டு, மறுபடி ஏற வேண்டும். அதுவரை கிரேன் நிற்கும், கீழே அறுபது பேர் கையைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்ப்பார்கள். அந்த அறுபது ஜோடிக் கண்ணுக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள்.

ஏழு மாதம் கெஞ்சினாள். "ஒரே ஒரு ஆளுக்கு ஒரு டாய்லெட்டா?" என்று மேனேஜர் சிரித்தார். இரண்டு முறை நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாகப் படுத்தாள். டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: "தினம் மூணு லிட்டர் தண்ணி குடிங்க. முடியாதுன்னா இந்த வேலைய விட்ருங்க. மூணாவது தடவை வந்தா கிட்னிக்கு ஆபத்து."

பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து, பெண் ஊழியர்களுக்கு என்ன வசதி இருக்கிறதென்று பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. மந்திரம் போட்டதுபோல நீலநிறத்தில் ஒரு பெட்டிக் கழிவறை வந்து இறங்கியது. கதவில் 'பெண்களுக்கு மட்டும்'. அவள் துள்ளிக்கொண்டு போனால், கதவு பூட்டியிருந்தது. சாவி மேனேஜர் பாக்கெட்டில். "அவங்க வந்து பாக்கற வரைக்கும் சுத்தமா இருக்கணும்மா. அப்புறம் பாத்துக்கலாம்." அந்த அப்புறம் மூன்று வாரமாக வரவில்லை. அவளுக்கு எரிச்சலில் அழுகையே வந்தது.

அதனால் ஆய்வுக்கு அவர்கள் வருகிற அன்று, ராஜினாமாக் கடிதத்தை எழுதிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டுதான் கிரேன் ஏறினாள். சாயங்காலம் இறங்கியதும் கொடுத்துவிடுவது. மறுபடி காலர் தைக்கப் போவது.

பத்து மணிக்கு வாக்கி-டாக்கி கரகரத்தது. கீழே இருந்து சைகை சொல்கிற கொடி அண்ணன். முன்பு கையில் கொடி பிடித்து வழிகாட்டியவர். இப்போது வாக்கி-டாக்கி பிடித்தாலும் பெயர் மாறவில்லை. "தங்கச்சி, அந்த நீலப் பெட்டிய வாசலுக்கு மாத்தணுமாம். வர்றவங்க கண்ணுல மொதல்ல அதுதான் படணும்னு மேனேஜர் காலைலயே சொல்லிட்டாரு. மாட்டியாச்சு, தூக்கு."

மெல்லத் தூக்கினாள். எடை காட்டும் திரையைப் பார்த்துப் புருவம் சுருங்கியது. "அண்ணே, பெட்டி நானூறு கிலோன்னுதானே எழுதியிருக்கு? நானூத்தி எண்பது காட்டுது. உள்ள எதாவது இருக்கா?"

"மேல தண்ணித் தொட்டி ரொம்பியிருக்கும்."

"ஆள் யாரும் இல்லையே?"

"நல்லா கேட்ட போ! அது பொம்பளைங்க கக்கூஸு. இந்த சைட்ல இருக்கறதே ஒரு பொம்பளை. உள்ள இருந்தா நீதான் இருக்கணும். நீதான் மேல இருக்கியே!"

கணக்குச் சரிதானே? கட்டடத்தைத் தாண்டி வாசல் பக்கம் போகப் பெட்டி உயர்ந்தது. மூன்றாம் மாடி, ஐந்தாம் மாடி. திடீரென்று எல்லோருடைய வாக்கி-டாக்கியிலும் ஒரு கீச்சுக் குரல்: "நிறுத்து! நிறுத்து!"

நிறுத்தச் சொல்வது யாராக இருந்தாலும் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். நிறுத்தினாள். "யாரு பேசறது? எங்க இருக்கீங்க?"

அவள் விடவில்லை.

"எங்க இருக்கீங்கன்னு சொன்னாதான் அடுத்த வேலை."

"...உள்ள."

"எதுக்குள்ள?"

"பெட்டிக்குள்ளம்மா! நான்தான், மேனேஜர்!"

சைட் முழுக்கக் கிளம்பியது பாருங்கள் ஒரு சிரிப்பு! கம்பி கட்டுகிறவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கொடி அண்ணன் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆண்கள் கழிவறை நாறுகிறதென்று மூன்று வாரமாக மேனேஜர் இந்தச் சுத்தமான பெட்டியைத்தான் தனியாக ஆண்டு வந்திருக்கிறார். கூரையில் கொக்கி மாட்டும் சத்தம் கேட்டும், குரல் கொடுத்தால் மானம் போகும், கொஞ்சம் பொறுத்தால் போய்விடுவார்கள் என்று கமுக்கமாக இருந்திருக்கிறார்.

அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் கை குலுங்கினால் பெட்டியும் குலுங்கும். உதட்டைக் கடித்துக்கொண்டாள். "பயப்படாதீங்க சார். கீழ உக்காந்து செவுத்தைப் பிடிச்சுக்குங்க. நான் எறக்கறேன்."

"பின்னாடி எறக்கும்மா! யாரும் பாக்காத எடமா!"

"பின்னாடி இப்பதான் ஜல்லி லாரி வந்து நிக்குது சார். காலியா இருக்கறது வாசல் மட்டும்தான்."

வாசலுக்கு வெளியே அதற்குள் ஒரு கார் வந்து நின்றிருந்தது. ஆய்வுக்கு வந்த அதிகாரி அம்மா புது ஹெல்மெட்டோடு இறங்கி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கூண்டில் இருந்தவளுக்கு அந்தக் கணத்தில் எதுவும் கண்ணில் படவில்லை. விளிம்பு வரை தண்ணீர் நிரம்பிய வாளி ஒன்றுதான் கொக்கியில் தொங்கியது. காற்றுக்கு ஒரு நொடி நின்றாள், ஆட்டம் அடங்கியதும் விட்டாள். தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோலப் பெட்டியைத் தரையில் வைத்தாள்.

கதவு திறந்தது. மேனேஜர் வெளியே வந்தார். ஆளுக்கு ஒரு கீறல் இல்லை.

அதிகாரி அம்மா அவரையும் பார்த்தார், கதவில் எழுதியிருந்ததையும் பார்த்தார். "வசதியெல்லாம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மேடம்," என்றார் மேனேஜர், அதே கீச்சுக் குரலில்.

"அதை உங்ககிட்ட கேட்டா எப்படி? கிரேன் ஓட்டறவங்கள வரச் சொல்லுங்க."

நூற்று அறுபத்தெட்டுப் படியையும் அவள் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கிரேன் நின்றது. அறுபது பேரும் பார்த்தார்கள், பார்க்கட்டும். அதிகாரி அம்மா கேட்டதற்கு, "இன்னும் உள்ள போனதில்ல மேடம்" என்றாள். பிறகு மேனேஜர் முன்னால் கையை நீட்டினாள்.

அவர் பாக்கெட்டைத் துழாவிச் சாவியை எடுத்து வைத்தார். "என்னைப் பத்திரமா எறக்கிட்டம்மா," என்றார் மெதுவாக. மனிதர் மனசாரத்தான் சொன்னார்.

உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி, ஒரு குழாய், ஒரு குப்பைக் கூடை. ராஜினாமாக் கடிதம் அந்தக் கூடைக்குள் போனது. வெளியே வந்தவள் படி ஏறும் முன், கையோடு கொண்டுவந்திருந்த பாட்டிலில் பாதியை மடமடவென்று குடித்தாள். மீதியை மேலே போய்க் குடித்தாள். மேனேஜரின் எடை எண்பது கிலோ என்பது நினைவு வரும்போதெல்லாம் புரையேறியது. கொடி அண்ணன் அன்றிலிருந்து எதை மாட்டினாலும், செங்கல் கட்டாக இருந்தாலும், இரண்டு தட்டுத் தட்டி "உள்ள யாராவது?" என்று கேட்டுவிட்டுத்தான் தூக்கச் சொல்கிறார்.

வீட்டில் பையை வாங்கிய கணவன் நிமிர்ந்து பார்த்தான். "என்ன, வெயிட்டே இல்ல? பாட்டில மேலயே விட்டுட்டியா?" உள்ளே கைவிட்டு எடுத்தான். குலுக்கிப் பார்த்தான். காலி.

அவன் கேலி எல்லாம் எங்கேயோ போய்விட்டது. பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நாளைக்கு ரெண்டு பாட்டிலா வெக்கட்டுமா?" என்று கேட்டான்.

"டாக்டர் மூணு லிட்டர் சொல்லியிருக்காரு. மூணா வை."