கால் துடித்த மாதம்

கேரளம் பிறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கொச்சங்காடிப் பண்டகசாலையில் மிளகு மூட்டை அடுக்கு சரிந்து, சுமை தூக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரின் முதுகில் விழுந்தது. உயிர் பிழைத்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. மூத்திரம் போக ரப்பர் குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அதைக் கழற்றிக் கொதிக்க வைத்து மறுபடி செருக நர்ஸ் எனக்குக் கற்றுக்கொடுத்தாள். பிறகு அதுவும் சோறு வடிப்பதுபோல் ஒரு வேலையாகிவிட்டது.

ஒன்றரை வருஷம் கழித்து, ஒரு காலையில் அவருடைய இடது கால் சடாரென்று மடங்கி நீண்டது.

"யா அல்லாஹ்! எம்மவன் காலு அனங்குது!" என்று மாமியார் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. பள்ளிவாசலுக்கு நேர்ச்சை நேர்ந்தார். பெற்ற மனம் பித்து, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. என் வீட்டுக்காரரோ போர்வையை விலக்கச் சொல்லி நாள் முழுக்கத் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெருநாளைக்கு நான் நடந்து பள்ளிக்குப் போவேன் புள்ள, பாத்துக்கோ" என்றார். நானும் நம்பினேன். அதை இப்போது மறைப்பானேன்?

ஆனால் கால் துடிக்கும்போதெல்லாம் அவர் நெற்றியில் வேர்வை கொட்டியது. ஒரு வாரம் தாங்கும் குழாய் மூன்றே நாளில் அடைத்துக்கொண்டது. மூத்திரம் கலங்கி நாறியது, காய்ச்சல் அடித்தது, சோறு இறங்கவில்லை. கழற்றிய குழாயின் நுனியை விரலால் தேய்த்துப் பார்த்தேன். நறநறவென்றது. நான் அப்போது மிளகு புடைக்கப் போய்க்கொண்டிருந்தேன். சரக்கில் மண் இருந்தால் கண் பார்ப்பதற்கு முன்பே எனக்கு விரல் சொல்லிவிடும்.

கைவண்டியில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குழாயின் நறநறப்பைச் சொல்லி, உள்ளே கல் இருக்குமோ என்றேன். இளம் டாக்டர் ஒருவர், "வேதன உண்டோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "வேதன இல்லெங்கில் கல்லில்லா" என்று சீட்டை மடித்தார்.

"அவருக்கு இடுப்புக்குக் கீழ கத்தி வெச்சாலும் தெரியாது டாக்டர். வேதனை எங்கேருந்து வரும்?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சத்தம் கேட்டுப் பெரிய டாக்டர் வந்தார். நுனி வளைந்த மெல்லிய உலோகக் கம்பி ஒன்றை மூத்திர வழியே உள்ளே விட்டு மெதுவாகத் திருப்பினார். டிக். பானையின் அடியில் கரண்டி பட்டதுபோல், நின்ற இடத்தில் எனக்கே கேட்டது. "கேட்டோ?" என்றார். முகத்தில் சின்னதாக ஒரு சந்தோஷம். தேடியது கிடைத்தால் யாருக்குத்தான் இருக்காது? படம் எடுத்தபோது ஜாதிக்காய் அளவில் வெள்ளையாகத் தெரிந்தது.

வராந்தாவில் பெரிய டாக்டரிடம் காலைப் பற்றிக் கேட்டேன். கல் உள்ளே உறுத்துவது உன் ஆளுக்குத் தெரியாது, உடம்புக்குத் தெரியும், அதனால்தான் கால் துடிக்கிறது, வேர்க்கிறது என்று மலையாளத்தில் பொறுமையாகச் சொன்னார். நடை திரும்புவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கல்லை விட்டுவைத்தால் சிறுநீரகம் கெட்டு ஆளே போய்விடுவார்.

வீட்டுக்காரரிடம் நான்தான் சொன்னேன். மாமியாருக்கு அந்தத் தைரியம் கிடையாது.

"கல்ல எடுத்தா இந்தத் துடிப்பு போயிருமா?"

"போயிரும்."

"எடுக்கலேன்னா?"

"மௌத்தாயிருவீங்க."

ஆபரேஷன் காகிதத்தைக் கேட்டு வாங்கிக் கைநாட்டு வைத்தார்.

கல்லை எடுத்தார்கள். காய்ச்சல் நின்றது, மூத்திரம் தெளிந்தது, சோறு உள்ளே போயிற்று. வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆனபோது, போர்வை உரசினால் விரல் லேசாக அசையும், அவ்வளவுதான். கால் கிடந்த இடத்தில் கிடந்தது. பெருநாள் வந்தது. தெரு ஆம்பிளைகள் எல்லாரும் அத்தர் மணக்கப் பள்ளிக்குப் போனார்கள். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"புள்ள, அந்தக் கல்லத் திரும்ப வெச்சுத்தரச் சொல்றியா?"

திட்டத்தான் வாயெடுத்தேன். பிறகு போர்வையை விலக்கி, அவர் பார்க்கும்படி இடது காலை என் கையால் தூக்கி, மடக்கி, நீட்டினேன்.