ரிவர்ஸ் அக்காவின் நான்கு பற்சக்கரங்கள்

காலை பத்து மணிக்குத் தொழிற்சாலைக் குழுவில் செய்தி வந்தது. "நம்ம ரிவர்ஸ் அக்கா தவறிட்டாங்க. மாரடைப்பு. நாளைக்குப் பெம்பான் வீட்டுல எடுக்கிறாங்க." அனுப்பியவர் டூல்ரூம் குணா. பரமேஸ்வரி என்ற அக்காவின் சொந்தப் பெயர் அதில் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன.

நான் திரையிலிருந்த வரைபடத்தை மூடினேன். பிறகு திறந்தேன். வேலை இருந்தது.

அக்காவைப் பற்றி டூல்ரூமில் உங்களுக்குத் தெரிந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. குருபோங் தொழிற்சாலையில் பதினெட்டு ஆண்டுகள் உலோகம் வெட்டும் மில்லிங் இயந்திரம். பெம்பானிலிருந்து தினமும் ஒரு பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள். அதன் உள்ளே வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைக்கும் டைமிங் செயின் மூன்று முறை தளர்ந்தது. மூன்றாம் முறை ஒரு பல் தாண்டிக் குதித்து, வால்வு வளைந்து, பாதி வழியில் வண்டி நின்றது. அன்று நடந்தே வந்து சேர்ந்தார். சட்டை நனைந்திருந்தது. "நீளுற சாமானை நம்பி நான் வேலைக்கு வர மாட்டேன்" என்றார். செயினை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பற்சக்கரங்களைப் பொருத்தப் போவதாகவும் சொன்னார்.

குணா சிரித்தார். "செயின் மாத்துனா அரை மணி நேரம்லா, அக்கா."

"அரை மணி நேரத்துல சரியானது அரை வருஷத்துல திரும்பி வருது. நீ போய் உன் டிரில்லைப் பாரு."

அந்தப் பற்சக்கரங்களின் வரைபடம் என்னுடையது. அப்போது நான் வடிவமைப்புப் பிரிவில் சேர்ந்து இரண்டு மாதம். இன்னும் பணி உறுதியாகவில்லை. கீழே இயந்திரம் சுழற்றும் கிராங்கில் ஒன்று, மேலே வால்வுகளைத் திறக்கும் கேமில் ஒன்று, நடுவில் இரண்டு. மொத்தம் நான்கு. இடைவெளி, பல்லின் அளவு, சூட்டில் உலோகம் விரியும் கணக்கு, எல்லாம் போட்டேன். அக்கா கழிவு எஃகில் ஒரு மாதம் வெட்டினார். பற்கள் அழகாக இருந்தன.

பொருத்திய நாளில் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு எல்லோரும் சுற்றி நின்றோம். அக்கா உதைத்தார். இயந்திரம் கார்புரேட்டர் வழியாகத் தும்மியது. மறுபடி உதைத்தார். மறுபடி தும்மல். குணா புகைக்குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்தார்.

"அக்கா! புகை வெளிய தள்ளலை, என் கையை உள்ள இழுக்குதுலா! வண்டி ரிவர்ஸ்ல மூச்சு விடுது!"

டூல்ரூம் முழுக்கச் சிரிப்பு. அந்தப் பெயர் அங்கே பிறந்தது.

அக்கா சிரிக்கவில்லை. என் வரைபடத்தை எடுத்துக்கொண்டு கழிவறைப் பக்கம் நடந்தார். நான் பின்னால் போனேன். தாளைச் சுவரில் வைத்துப் பிடித்து, எண்ணெய் படிந்த விரலால் ஒவ்வொரு சக்கரமாகத் தொட்டார்.

"இது வலது. இது இடது. இது வலது. இது இடது." விரல் கேமில் நின்றது. "கிராங்க் போற பக்கமே கேமும் போகணும், தங்கச்சி. செயின்னா தானா போகும். பல்லுன்னா எண்ணணும். நடுவுல ஒண்ணு, இல்லன்னா மூணு. ரெண்டு ஆகாது."

நான் எண்ணவே இல்லை. நான்கு ஆண்டு பல்கலைக்கழகம். வெளியே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சும்மா இரு. நீ புதுசு. பழி உன் மேல விழுந்தா ஒட்டிக்கும். என் மேல விழுந்தா உதிர்ந்துடும்."

வெளியே போய், "நான்தான் எண்ணத் தெரியாம வெட்டிட்டேன்டா" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

நடுச்சக்கரங்களைச் சிறியதாக, மூன்றாக வெட்டினார். வண்டி ஓடியது. ஊளையிடும் சத்தத்தோடு, ஐந்து ஆண்டுகள், ஒரு நாளும் நிற்காமல். பெயர் மட்டும் மாறவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களும் காரணம் தெரியாமலே அப்படிக் கூப்பிட்டார்கள்.

சென்ற ஆண்டு கிளேபாங்கில் ஒரு கடையோரம் நானும் அக்காவும் இளநீர் குடித்துக்கொண்டிருந்தோம். எனக்குப் பணி உறுதியாகி வெகுநாள் ஆகியிருந்தது. இனியாவது சொல்கிறேன் என்றேன்.

"இப்பவா? நான் ரிட்டயர் ஆகிறப்போ மேடையில சொல்லு. கைதட்டாவது கிடைக்கும்." உறிஞ்சுகுழலைக் கடித்தபடி சேர்த்தார்: "மறந்துடாதே, லா."

அவருக்கு இன்னும் ஆறு ஆண்டுகள் பணி இருந்தது. அவகாசம் இருப்பதாக இருவரும் நினைத்தோம்.

மறுநாள் பெம்பானில் அக்காவின் மோட்டார் வீட்டு வாசலில் நின்றது. குணா அழுதார். "ரிவர்ஸ் அக்கா, ரிவர்ஸ் அக்கா" என்று சொல்லிச் சொல்லி அழுதார். அங்கேயும் நான் சொல்லவில்லை. அழுகிறவரை இடைமறிக்கக் கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

எனவே இங்கே, நம் குழுவில், எழுதுகிறேன். டூல்ரூம் நண்பர்களே, எண்ணத் தவறியவள் நான். பரமேஸ்வரி அக்கா வெட்டிய ஒவ்வொரு பல்லும் வரைபடத்தில் இருந்தபடியே இருந்தது. பிழை வரைபடத்தில் இருந்தது. அவர் மேல் விழுந்தது உதிரவில்லை.

அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. நான்கு வட்டங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு விரலின் எண்ணெய்த் தடம். கடைசித் தடம் மற்றவற்றைவிடக் கருப்பு. அங்கே அவர் சற்று நேரம் அழுத்திப் பிடித்திருந்தார்.