லிங்க் போடக் கூடாது

எந்தக் கடிதத்தையும் மேரிசெல்வி அடியிலிருந்துதான் பார்ப்பார். மவுஸை ஒரே உருட்டாக உருட்டிக் கடைசி வரிக்குப் போய்விடுவார். அங்கே நீல எழுத்தில், அடிக்கோட்டோடு ஏதாவது தென்பட்டால் போதும். மேலே என்ன எழுதியிருக்கிறது, யார் எழுதியது என்ற கேள்வியே இல்லை. "போ" என்பார், வாய்க்குள்ளேயே. விரல் டிலீட் பட்டனைத் தட்டும். கடிதம் போய்விடும்.

மரக்காணத்தில் சிலம்பரசன் நடத்தும் பிரவுசிங் சென்டரின் மூலைக் கம்ப்யூட்டர், மாலை நான்கரைக்கு மேல் அவருக்கு. அதுவரை உப்பளத்தில் எடை மேடைக்குப் பக்கத்துக் கொட்டாயில் உட்கார்ந்து லாரிகளுக்குச் சீட்டு எழுதுகிறார். முப்பத்தாறு வயது. வெயில் அலசிய முகம். வந்ததும் குடையை மடக்கி மேசைக்கடியில் தள்ளுவார்; செருப்பைக் கழற்றி அதன்மேலேயே பாதத்தை வைத்துக்கொள்வார். டீ சொன்னால் வேண்டாம் என்று சொல்லமாட்டார், குடிக்கவும் மாட்டார். ஏடு படிந்த கிளாஸை நானே பலமுறை திருப்பிக் கொடுத்திருக்கிறேன். கட்டுரை அடிப்பதற்காக அடுத்த கம்ப்யூட்டரில் உட்காருகிறவன் நான்.

அவர் காவல் காப்பது 'கப்பல் உறவுகள்' என்ற இணையக் குழுவை. நூற்றைம்பது வருஷத்துக்கு முன் புதுச்சேரியில் கப்பலேறி, பிரெஞ்சுத் தீவுகளான ரீயூனியனுக்கும் குவாதலூப்புக்கும் கரும்பு வெட்டப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அதில் தங்கள் ஊரையும் உறவையும் தேடுகிறார்கள். தொள்ளாயிரம் பேர். நடத்துகிறவர்கள் ஆறு பேர், ஆளுக்கொரு தேசத்தில். யாருக்கும் சம்பளம் கிடையாது.

2002இல் ஒரு வெளிநாட்டுத் தம்பதி ஒரு துண்டுச் சீட்டோடு எடை மேடைக்கு வந்து நின்றார்கள். பழைய கப்பல் பதிவேட்டிலிருந்து எடுத்த ஊர்ப் பெயர். பிரெஞ்சுக்காரன் காதில் விழுந்தபடி எழுதியது: 'மூதெலியசவதி'. மேரிசெல்வி அதை வாய்விட்டு நாலைந்து முறை சொல்லிப் பார்த்திருக்கிறார். "திடீர்னு முதலியார்சாவடின்னு வந்துடுச்சு சார். அந்தம்மா அங்கியே உக்காந்து அழுதாங்க." அன்றைக்குப் பிடித்தது இந்தக் கிறுக்கு. தட்டச்சு வகுப்பில் கற்ற ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு குழுவில் சேர்ந்தார். சிதைந்த பெயர்களைத் தமிழுக்குத் திருப்புவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

லிங்க் போடக் கூடாது என்ற விதியைக் கொண்டுவந்ததும் அவர்தான். சுனாமிக்கு அடுத்த வாரம் குழுவுக்குள் உதவி கேட்டு லிங்க்குகள் வந்து குவிந்தன. ஒன்றை அழுத்தினார். போலியான பக்கம். முகப்பில் ஒரு குழந்தையின் சடலம்.

"அந்தப் புள்ளைய எனக்குத் தெரியும் சார். எங்க கொட்டாய்க்குத் தண்ணி கொண்டாந்து ஊத்துவாங்க, பாஞ்சாலைன்னு. அவங்க பொண்ணு. அதும் படத்தைப் போட்டு எவனோ பிச்சை எடுக்கிறான்."

அன்றே விதி எழுதினார். முன் அனுமதி இல்லாமல் லிங்க் போட்டால் கடிதம் நீக்கப்படும். மூன்றாவது முறை ஆளே நீக்கப்படுவார். மற்ற ஐந்து பேரும் சம்மதித்தார்கள். நீக்குகிற வேலையை மட்டும் ஒருவரும் கையில் எடுக்கவில்லை. "ரூல்னா ரூல்தாங்க. தெரிஞ்சவங்க தெரியாதவங்க இன்னா இருக்குது இதுல" என்று அதையும் அவரே வைத்துக்கொண்டார். ஒன்றரை வருஷத்தில் ஆயிரத்துக்கு மேல் அழித்திருப்பார். கெஞ்சியவர்கள் உண்டு. திட்டியவர்களும் உண்டு. அசைந்ததில்லை.

இந்த ஆகஸ்டில் இருசப்பன் அவரிடம் வந்தார். கீழ்புத்துப்பட்டுக்காரர், அறுபத்தெட்டு வயது, உப்பு வாருகிறவர். மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை. மேரிசெல்வி என்னவோ கம்ப்யூட்டரில் ஆட்களைக் கண்டுபிடிக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"எங்க பாட்டனோட அண்ணன் கப்பலேறிப் போனாராம்மா. அவரு பேருதான் எனக்கு. அங்க யாருனா இருக்காங்களா பாரேன். எனக்குன்னு இங்க ஒருத்தரும் இல்ல."

மேரிசெல்வி குழுவில் எழுதினார். நான்காம் நாள் ரீயூனியனில் இருக்கும் தொண்டர் ஒருவரிடமிருந்து பதில் வந்தது. 'இருசப்பேன்' என்று குடும்பப் பெயர் கொண்ட ஒரு கிழவரைத் தனக்குத் தெரியும். நம் குழுவில் மூன்று முறை எழுதியும் யாரும் பதில் போடவில்லை என்று அவர் வருத்தப்பட்டிருக்கிறார். போன டிசம்பரில் இறந்துவிட்டார்.

நீக்கிய கடிதங்களின் நகல் மேரிசெல்வியிடம் இருந்தது. தேடி எடுத்தார். 2005 ஜூலை, மூன்று கடிதங்கள். மூன்றிலும் பிரெஞ்சில் ஒரே வரி, அடியில் ஒரு லிங்க். கிழவருக்கு ஆங்கிலம் தெரியாது. மேரிசெல்வி அனுப்பிய எச்சரிக்கை இரண்டும் ஆங்கிலத்தில். லிங்க்கை இப்போது அழுத்தினால் அப்படி ஒரு பக்கமே இல்லை என்று வந்தது.

தொண்டர் கேட்டுக்கொண்டதன்பேரில் கிழவரின் மகள் அந்தப் பக்கத்தின் நகலை அனுப்பிவைத்தார். பதிவேட்டுத் தாளின் படம். பெயர் இருசப்பேன், ஊர் 'பூத்தூப்பெத்தூ'. அதன் கீழே கிழவர் எழுதியிருந்ததைத் தொண்டர் ஆங்கிலத்தில் சொல்லியிருந்தார்: எங்களைச் சேர்ந்தவர்கள் இந்த ஊரில் யாராவது இருக்கிறீர்களா?

கூடவே மகளின் குறிப்பு ஒன்றும் இருந்தது. அப்பா கடைசிவரை காத்திருந்தார். இனி எங்களுக்கு எழுத வேண்டாம்.

"ஒரு தபா தொறந்து வாய்விட்டுப் படிச்சிருந்தா புத்துப்பட்டுன்னு வந்திருக்கும் சார். ஒரே ஒரு தபா." இதை என்னிடம் சொன்னபோது அவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குழுப் பொறுப்பிலிருந்து விலகுவதாக எழுதினார். வேறு ஆள் இல்லை, நீங்கள் செய்ததில் தவறும் இல்லை என்று ஐந்து பேரும் பதில் எழுதினார்கள். அந்தப் பதில்தான் அவரை ரொம்பவும் உடைத்தது என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு வருகிற லிங்க் எல்லாவற்றையும் திறந்து பார்க்க ஆரம்பித்தார். இரண்டு முறை வைரஸ் வந்து கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. "யக்கா, கண்டதைத் தொறக்காதன்னு நீதானே ஊருக்கெல்லாம் சொல்லுவ" என்று சிலம்பரசன் தலையில் அடித்துக்கொண்டான். திறந்ததெல்லாம் குப்பையாகவே இருந்தது. பின்னால் ஒரு கிழவர் இருந்த லிங்க் எதுவும் வரவில்லை.

இருசப்பன் கண்ணில் படாமல் மூன்று வாரம் ஓட்டினார். உப்புப் பாத்திப் பக்கம் அவர் தலை தெரிந்தால் கொட்டாய்க்குள் போய்விடுவாராம். போன செவ்வாய்க்கிழமை இருசப்பன் சென்டருக்கே ஏறி வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, புதுசு. கையில் ஸ்டுடியோ உறை.

"அனுப்பணும்னா போட்டோ வேணும்ல? அதான் புடிச்சாந்துட்டேன்."

மேரிசெல்வி எழுந்து நின்றார். "பெரிப்பா, அங்க ஒருத்தர் இருந்தாரு. உங்க பாட்டனோட அண்ணன் வழி. உங்க ஊர்ல யாருனா இருக்கீங்களான்னு கேட்டு மூணு தபா எழுதினாரு. நான்தான் அழிச்சுட்டேன்."

இருசப்பனுக்குப் புரியவில்லை. "அழிச்சா இன்னா? திரும்ப எழுதச் சொல்லேன்."

"அவரு இல்லீங்க. செத்துட்டாரு."

இருசப்பன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"எப்பம்மா கேட்டாரு?"

"போன வருஷம். ஆடி மாசம்."

"ஆடியிலயா?" என்று யோசித்தார். "அப்ப நான் இங்கதானே உப்பு வாரிக்கினு இருந்தேன். எங்கியும் போவலியே."

அதில் கோபம் இல்லை. தான் ஊரில் இல்லாததால்தான் இப்படி ஆயிற்றோ என்று சந்தேகப்பட்டு, இல்லை என்று உறுதி செய்துகொண்டவர்போலச் சொன்னார்.

"புள்ளைங்க இருக்குதா அவருக்கு?"

"ஒரு பொண்ணு இருக்குது."

"அப்ப அதுக்கு அனுப்பு" என்று உறையை நீட்டினார் இருசப்பன். "சித்தப்பன் ஒருத்தன் இருக்கான்னு தெரிஞ்சிக்கட்டும்."

இனி எழுத வேண்டாம் என்று அந்தப் பெண் சொல்லியிருப்பதை மேரிசெல்வி சொல்லவில்லை. படத்தை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்து வைத்து மூடினார். மூடியின் இடுக்கில் வெளிச்சம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்ந்து அணைந்தது. "போய்ட்டுதா?" என்றார் இருசப்பன். மேரிசெல்வி திரும்பவில்லை. உள்ளங்கைகள் இரண்டையும் மூடியின்மேல் வைத்து, எதுவோ திறந்துகொள்ளப் போவதைப்போல அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார்.