கடையில் வாங்காத மீட் பை

நீங்கள் எழுதியது பொய். எங்கள் குடியிருப்பில் இருக்கும் தமிழர்கள் எல்லாரும் படிக்கிற வாட்ஸ்அப் குழுவில், நான் செய்த மீட் பையின், அதாவது கறிக்கு மேல் மாவு மூடி போட்டு ஓவனில் சுட்ட பண்டத்தின், படத்தைப் போட்டு, கடையில் வாங்கியதை வீட்டில் செய்ததாகக் காட்ட வேண்டாம் என்று எழுதினீர்கள். என் பெயரைப் போடவில்லை. போடத் தேவையும் இல்லை. அன்று விருந்து மேசையில் இருந்தது ஒரே ஒரு மீட் பை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு நீங்கள் யார், நான் யார் என்று தெரியாது. நீங்கள் எங்கள் எதிர் வீட்டு அங்கிள். குழுவை நடத்துபவர். நான் மனைவியின் விசாவில் அமெரிக்காவில் இருக்கும் பிளெய்ன்ஸ்பரோவுக்கு வந்தவன். அவள் மருந்து கம்பெனியில் வேலை பார்க்கிறாள். எனக்கு இங்கே வேலை பார்க்க அனுமதி இல்லை. கோயம்புத்தூரில் பம்ப் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். எது ஏன் கசிந்தது, எது ஏன் உடைந்தது என்று கண்டுபிடிப்பது என் வேலை. இங்கே அந்தப் புத்தியை வைத்துக்கொண்டு நான் போக முடிந்த ஒரே இடம் சமையலறை. ஆண்கள் சிலர் இதற்குச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மார்ச் மாதத்தில் மனைவியின் ஆபீஸில் இருந்து ஒருவர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அறுபதைத் தாண்டியவர். இங்கிலாந்தின் வடக்கே ஏதோ ஒரு மில் ஊர்க்காரர். என் மட்டன் குழம்பை வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டுவிட்டு, தன் வீட்டில் சனிக்கிழமைதோறும் கறியும் உருளைக்கிழங்கும் போட்ட பை செய்வார்கள் என்றார். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். தமிழில் எழுதுகிறேன்.

"மசாலா என்ன போடுவீர்கள்?" என்று கேட்டேன்.

"உப்பு, மிளகு."

"அப்புறம்?"

அவர் யோசித்தார். "இன்னும் கொஞ்சம் மிளகு."

மனைவி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். நான் விடவில்லை. இஞ்சி கிடையாதா? கிடையாது. பூண்டு? கிடையாது. கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம், தண்ணீர். மேலே மைதா மாவு மூடி. அடியில் மாவே இல்லை. மிளகும் வெள்ளை மிளகு. எனக்குக் கோபம்தான் வந்தது. கப்பல் கப்பலாக மிளகை ஏற்றிக்கொண்டு போனவர்கள் கடைசியில் செய்தது இவ்வளவுதானா? இதை எப்படி ஒரு ஊரே வாராவாரம் சாப்பிட்டது? அதில் ஏதோ இருக்க வேண்டும். அது என்ன என்று தெரியாமல் எனக்கு மற்ற வேலை ஓடவில்லை. ஒரு தாளில் செய்முறையை எழுதித் தரச் சொன்னேன். எட்டே வரி எழுதித் தந்தார்.

அதில் மாட்டுக்கறி என்று இருந்தது. எங்கள் வீட்டில் அது கிடையாது. ஆட்டுக்கறி போடலாமா என்று கேட்டேன். தங்கள் தெருவில் பாதிப் பேர் ஆடுதான் போடுவார்கள் என்றார். பன்றிக்கொழுப்புக்குப் பதில் வெண்ணெய். ஹலால் கடையில் வழக்கம்போல எலும்போடு வெட்டிக் கொடுத்துவிட்டார்கள். குக்கரில் வேகவைத்து, ஒவ்வொரு எலும்பாகக் கையால் பொறுக்கி எடுத்தேன். வெள்ளை மிளகு சீனக் கடையில் கிடைத்தது.

எங்கள் வீட்டு ஓவன் அதுவரை ஓவன் இல்லை, அலமாரி. வாணலி, தோசைக்கல், இட்லித் தட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தேன். மைதாவில் வெண்ணெயும் தண்ணீரும் விட்டு, சப்பாத்தி மாவை அடித்துப் பிசைவதுபோல நன்றாகப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடினேன். தாளில் இருநூறு டிகிரி என்று இருந்தது. இருநூறு வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மாவு அப்படியே வெள்ளையாகப் படுத்திருந்தது. பொறுமை போய் நானூற்று ஐம்பதுக்குத் திருப்பினேன். குழம்பு பொங்கி ஓவனின் அடியில் ஊற்றிப் புகைந்தது. அலாரம் அடித்தது. மனைவி துண்டை எடுத்து விசிறினாள். நீங்கள் கைலியோடு வந்து வாசலில் நின்றீர்கள்.

"என்ன தம்பி, பில்டிங்கையே கொளுத்திடுவ போலிருக்கே?"

"இல்லீங்க அங்கிள், ஓவன்ல கறி வெச்சேனுங்க."

"கறியை ஏம்பா ஓவன்ல வெக்கிற? ஸ்டவ்வுக்கு என்ன ஆச்சு?"

நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அன்று உங்கள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

மூடியை வெட்டிப் பார்த்தேன். வெட்ட முடியவில்லை. செருப்புத் தோல் மாதிரி இருந்தது. இங்கிலாந்துக்காரருக்கு போன் செய்தேன். அவர் சொன்ன இருநூறு செல்சியஸ். அமெரிக்க ஓவனில் இருப்பது பாரன்ஹீட். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், வெட்கமாக இருந்தது. மாவைப் பற்றிச் சொன்னேன்.

"பிசைந்தாயா?" என்றார். "ஏன் பிசைந்தாய்?"

மாவைப் பிசையாமல் வேறு என்ன செய்வது? இதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. விரல் நுனியால் மட்டும் தேய்க்க வேண்டுமாம். உள்ளங்கை படக்கூடாதாம், சூட்டில் வெண்ணெய் உருகிவிடுமாம். பல தடவை சொதப்பினேன். பிறகு ஒரு நாள் கிண்ணத்தைப் பார்த்தபோது புரிந்தது. இது புட்டு மாவு. பிடித்தால் பிடிபட வேண்டும், தொட்டால் உதிர வேண்டும். அந்தப் பதம் வந்ததும் நாலு கரண்டி ஐஸ் தண்ணீர் தெளித்து, சேர்த்து அமுக்கி, கையை எடுத்துவிட வேண்டும். அதை அவர் எட்டு வரியில் எழுதவில்லை. அவருக்கு அது எழுத வேண்டிய விஷயமாகவே தெரிந்திருக்காது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் சின்னக் கிண்ணங்களில் சோதனை. மூடியில் ஓட்டை எதற்கு? ஒரு கிண்ணத்தில் ஓட்டை போட்டேன், ஒன்றில் போடவில்லை. போடாததில் மூடியின் அடிப்பக்கம் நசநசவென்று இருந்தது, குழம்பு பக்கவாட்டில் பிய்த்துக்கொண்டு வந்தது. உருளைக்கிழங்கில் பாதியை முதலிலேயே போட்டால் கரைந்து குழம்பைக் கெட்டியாக்குகிறது. மீதியைக் கடைசியில் போட்டால் துண்டாக நிற்கிறது. ஒன்றில் ஒரு கரண்டி கரம் மசாலாவும் போட்டுப் பார்த்தேன். மசாலா போட்டதில் மசாலா தெரிந்தது. போடாததில் கறி தெரிந்தது, கிழங்கு தெரிந்தது, வெங்காயத்தின் இனிப்புகூடத் தெரிந்தது. வெள்ளை மிளகு நாக்கில் தெரியவில்லை. விழுங்கியபின் தொண்டையில் மெதுவாக எரிந்தது. இதைத்தான் அந்த ஊர் சாப்பிட்டிருக்கிறது. ஒத்துக்கொண்டேன்.

"இனிமே நம்மூட்ல சாம்பார் கிடைக்குமுங்களா, இல்ல இதேதானா?" என்று மனைவி கேட்டாள்.

என் மகளுக்குப் பத்து வயது. ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு வாய் எடுத்துவிட்டு கெட்சப் கேட்டாள்.

கடைசியாக மீந்த சிக்கல் மூடியின் ஓரம். முள்கரண்டியால் அழுத்தினால் கசிந்தது. கசிவு எனக்குப் பழைய எதிரி. சோமாசிக்கு மடிப்பதுபோலக் கட்டைவிரலால் கிள்ளி, மடித்து, அடுத்ததைக் கிள்ளி, சுற்றிலும் பின்னினேன். எங்கள் வீட்டில் தீபாவளிக்குச் சோமாசி மடிப்பது என் வேலை. எண்ணெயில் பிரியாத மடிப்பு ஓவனிலும் பிரியவில்லை. ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

மே மாதக் கடைசி விடுமுறைக்கு நீங்கள் குடியிருப்பின் கிளப்ஹவுஸில் பாட்லக் வைத்தீர்கள், வீட்டுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து. வீட்டிலேயே செய்த வெளிநாட்டுச் சமையலுக்குப் போட்டி. நான் காலையில் பெரிய கண்ணாடித் தட்டில் முழு அளவில் செய்தேன். மனைவியும் மகளும் நீச்சல் போட்டிக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நான் மட்டும்தான். மூடி பொன்னிறமாக வந்திருந்தது. அதைக் கொண்டுபோய் அசைவ மேசையில் வைத்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நீங்கள் வந்து குனிந்து பார்த்தீர்கள்.

"தம்பி, டப்பா எங்கே?"

"என்ன டப்பாங்க?"

"இது வந்த டப்பாதான். ஓரத்தைப் பாரு, மெஷின்ல போட்ட மாதிரி இருக்கு. அன்னிக்கு பில்டிங்கைக் கொளுத்தப் பாத்த, அதுக்குள்ள இப்படி வந்துடுச்சா? யார்கிட்ட கதை விடுற?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் செய்ததுதான் என்றேன். "சரி சரி, டென்ஷன் ஆவாத" என்று சொல்லிக்கொண்டே, தட்டின் முன்னால் இருந்த போட்டி எண்ணை எடுத்துவிட்டு, தட்டைத் தூக்கி சிப்ஸ் பாக்கெட்டுகளுக்கும் கோலா பாட்டில்களுக்கும் நடுவில் வைத்தீர்கள். ஒரு வாய்கூட நீங்கள் சாப்பிடவில்லை. சாப்பிட்டிருந்தால், இப்படி ஒரு மீட் பையை எந்தக் கடையிலும் ஆட்டுக்கறி போட்டு விற்பதில்லை என்று தெரிந்திருக்கும். பிறகு குழுவில் படத்தோடு எழுதினீர்கள். கடைசி வரி: நேர்மையாக இருங்கள், குழந்தைகள் பார்க்கிறார்கள்.

குழந்தைகள் பார்த்தார்கள். மகள் ஈரத் தலையோடு நேராக கிளப்ஹவுஸுக்கு வந்தாள். அவள் தோழி ஒருத்தி தன் அம்மாவின் போனில் அதைக் காட்டியிருக்கிறாள். வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டாள்.

"ஜஸ்ட் டெல் மீ, அப்பா. ஸ்டோர்ல வாங்கினதா? ஐ வோண்ட் பி மேட்."

"இல்ல சாமி, அப்பா செஞ்சதுதான்."

"பட் தி அதர் ஒன்ஸ் வேர் அக்லி."

அது உண்மை. கிண்ணங்கள் எல்லாம் அசிங்கமாகத்தான் இருந்தன.

"ஓகே" என்றாள். நம்பியவர்கள் அப்படி ஓகே சொல்ல மாட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை அவளை நாற்காலியில் உட்கார வைத்து, அவள் கண்முன்னே முழுவதையும் செய்தேன். அதே தட்டு, அதே ஓரம். வெளியே எடுத்ததும் அழகாக இருக்கிறது என்றாள். கெட்சப் இல்லாமல் இரண்டு துண்டு சாப்பிட்டாள்.

"பாத்தியா?" என்றேன்.

"யா. பட் யூ ப்ராக்டிஸ்ட் ஆஃப்டர் தட் டே."

குற்றம் சொல்லவில்லை. கணக்கு வாத்தியார் போலத் திருத்தினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்னும் நூறு செய்தாலும் அந்த நூறைத்தான் அவள் நம்புவாள். அன்றைய தட்டைப் பற்றிச் சொல்ல என்னால் முடியாது. அதன் பெயரைக் கெடுத்தவர்தான் சொல்ல வேண்டும்.

அதனால் தபால் அறையில் உங்களை நிறுத்திக் கேட்டேன். ஆன்ட்டியும் பக்கத்தில் இருந்தார். போனில் உங்கள் படத்தையே பெரிதாக்கிக் காட்டினேன். ஆன்ட்டி கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"ஏங்க, இது சோமாசி மடிப்பு. கையால பின்னினது. மெஷினாவது ஒண்ணாவது. பொடிசு பெருசா இருக்கு பாருங்க."

"நீ சும்மா இரு."

"நான் வருஷா வருஷம் மடிக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

நீங்கள் தபாலைப் புரட்டிக்கொண்டே, "சரி தம்பி, நீயே செஞ்சதா இருக்கட்டும். ஒரு பைக்குப் போய் குரூப்ல எழுதச் சொல்றியா? எல்லாரும் மறந்துட்டாங்க" என்றீர்கள்.

எல்லாரும் மறந்திருக்கலாம். என் வீட்டில் ஒருத்தி மறக்கவில்லை. நான் ஏதாவது சொன்னால் இப்போதெல்லாம் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுகிறாள். செய்ததா "இருக்கட்டும்" என்பது எனக்குப் போதாது. உங்கள் மனைவி உங்கள் முன்னாலேயே சொன்னபின்னும் அந்தப் படம் குழுவில் அப்படியே இருக்கிறது. அன்றுவரை அது தவறு. அன்றிலிருந்து அது பொய்.

எனக்குத் தனியாகச் செய்தி அனுப்ப வேண்டாம். வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுத் தோளில் தட்டிப் போகவும் வேண்டாம். படத்தை எங்கே போட்டீர்களோ அங்கேயே, எல்லாரும் படிக்கும்படி, நீங்கள் எழுத வேண்டியது இரண்டில் ஒன்று. நான் எந்தக் கடையில் வாங்கினேன் என்பது, அல்லது "நான் எழுதியது தப்பு" என்ற ஒரு வரி. எது என்று சொல்லுங்கள், அங்கிள்.